நெஞ்சு பாரம், நார்மல் ஈசிஜி, அப்புறம் உங்கள் கடிதத்தின் கடைசி வரி

கேள்வி:

டாக்டர், என் கணவருக்கு வயது 58. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சிகரெட்டை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார், உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் சரியாகிவிட்டது. ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, நார்மல், வாயுவாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அவரை 'கேஸ் பார்ட்டி' என்று கேலி செய்கிறார்கள். போன வாரம் இரண்டு தடவை, நடந்து போகும்போது அதே பாரம் வந்ததாம், நின்றதும் போய்விட்டதாம். போய்க் காட்டலாம் என்றால், 'மறுபடி அசிங்கப்படச் சொல்கிறாயா' என்கிறார். இது வாயுவா இதயமா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா? எனக்கும்தான் கொஞ்ச நாளாக மாடி ஏறினால் தாடை இறுகி மூச்சு வாங்குகிறது, வயது 54, சர்க்கரை 11 வருடமாக இருக்கிறது, அது கிடக்கட்டும், அவருக்கு என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது நடுவில் ஒரு வரியில் நின்றேன். இரண்டாம் தடவை படித்தபோது கடைசி வரியில் நின்றேன். கடைசி வரிக்கு அப்புறம் வருகிறேன், அதற்குள் அதை மறந்துவிடாதீர்கள்.

முதலில் நடு வரி. போன வாரம் இரண்டு தடவை, நடக்கும்போது வந்தது, நின்றதும் போனது என்கிறீர்கள். இதைப் படிக்கிற இன்றைக்கே அவரை இதய சிகிச்சை வசதி இருக்கிற ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வார இறுதி முடியட்டும், சம்பளம் வரட்டும், பையன் ஊரிலிருந்து வரட்டும் என்றெல்லாம் தள்ளாதீர்கள். மீதியை அங்கே காத்திருக்கும் நேரத்தில் படித்துக்கொள்ளலாம். கிளம்புவதற்குள், அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்தப் பாரம் வந்துவிட்டால், சொந்த வண்டியில் போவது என்ற யோசனையையே விட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. வாயுவா இதயமா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இல்லை. உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் இல்லை. இத்தனை வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், ஆனால் என் எதிரில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் 'இது வாயுதான், போய் வாருங்கள்' என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது. உணவுக்குழாயும் இதயமும் நெஞ்சுக்குள் முன்னும் பின்னுமாக ஒட்டிக்கொண்டு இருப்பவை, இரண்டிலிருந்தும் வலிச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்புகள் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே பகுதியில் போய்ச் சேர்கின்றன. கையிலிருந்தும் மார்புச் சுவரிலிருந்தும் வரும் நரம்புகளும் அங்கேதான் வந்து நுழைகின்றன. மூளைக்கு 'அந்தத் தெருவிலிருந்து சத்தம் வருகிறது' என்று மட்டும்தான் தெரிகிறது, எந்த வீடு என்று தெரிவதில்லை. அதனால்தான் இதயத்தில் கோளாறு இருக்கும்போது இடது கை வலிக்கிறது, சிலருக்கு இரண்டு கையும், சிலருக்கு தாடை, கழுத்து, முதுகு, நெஞ்சுக்குழி. ஏப்பம் விட்டதும் லேசான மாதிரி இருந்தது, வயிற்று மருந்து குடித்ததும் குறைந்தது, ஆகவே வாயுதான் என்பார்கள். இந்தக் கணக்கு சரிவராது. மாரடைப்பிலும் குமட்டல் வரும், ஏப்பம் வரும், வலி ஏறி இறங்கும். அது தானாக இறங்குகிற நேரத்தில் குடித்த மருந்துக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். கருவி எதுவும் இல்லாமல் காதால் கேட்டு மட்டும் கண்டுபிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. 1768ல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர், தன்னிடம் வந்தவர்களில் சிலர் ஒரே மாதிரி ஒரு கதையைச் சொல்வதைக் கவனித்துச் சக மருத்துவர்கள் முன்னால் வாசித்தார். நடக்கும்போது, அதுவும் மேடு ஏறும்போது, சாப்பிட்ட கையோடு நடந்தால் இன்னும் அதிகமாக, நெஞ்சில் ஒரு பிடிப்பு வருகிறது, நின்றால் அந்தக் கணமே போய்விடுகிறது. அப்போது ஈசிஜி கிடையாது, ஸ்டெதஸ்கோப்கூடக் கிடையாது. இரண்டரை நூற்றாண்டு கழித்து உங்கள் கணவர் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார், நீங்களும் அதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறீர்கள். வாயுவுக்கு நீங்கள் நடக்கிறீர்களா நிற்கிறீர்களா என்பதைப் பற்றிப் பெரிய அக்கறை கிடையாது. இதயத்துக்கு உண்டு. நடந்தால் அதற்கு அதிக ரத்தம் வேண்டும், வருகிற குழாய் சுருங்கியிருந்தால் அது கேட்பது கிடைக்காது, நின்றால் தேவை குறையும், வலி அடங்கும். அவ்வளவுதான் கணக்கு. இந்தத் தொந்தரவு பல மாதமாக ஒரே அளவில், ஒரே தூரத்தில் வந்துகொண்டிருந்தால் ஒரு மாதிரி. புதிதாகத் தொடங்கி, ஒரே வாரத்தில் இரண்டு தடவை வந்து, அதற்கு முன்னால் ஒரு ராத்திரி படுத்திருந்தபோதே வியர்வையோடு வந்தது என்றால் அது வேறு மாதிரி. எங்கள் பாடத்தில் இதற்கு நிலையற்ற நெஞ்சு வலி என்று பெயர், மாரடைப்பின் பக்கத்து வீடு.

அப்படியானால் அன்றைக்கு ஈசிஜி ஏன் நார்மல்? உங்கள் வீட்டில் எல்லோரும் அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் அவரைக் கேலி செய்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமாக எடுக்கும் ஈசிஜி, இதயத்தின் மின்னோட்டத்தைச் சுமார் 10 விநாடி பதிவு செய்கிறது. அந்த 10 விநாடியில் இதயத்துக்கு ரத்தம் போதுமான அளவு போய்க்கொண்டிருந்தால் கோடுகள் ஒழுங்காகத்தான் இருக்கும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், போய்ச் சேர்வதற்குள் வலி போய்விட்டது என்று. சண்டை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தெருவைப் படம் எடுத்தால் தெரு அமைதியாகத்தான் தெரியும். வலி இருக்கும்போதே எடுத்தாலும்கூட முதல் ஈசிஜி நார்மலாக வரலாம், முக்கியமாக இதயத்தின் பின்சுவரில் கோளாறு என்றால், ஏனென்றால் வழக்கமான ஒயர்கள் எல்லாம் முன்பக்கமும் பக்கவாட்டிலும்தான் ஒட்டப்படுகின்றன. அதனால்தான் சந்தேகம் இருந்தால் 15 அல்லது 30 நிமிடம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும், வலி திரும்பினால் உடனே எடுக்க வேண்டும் என்கிறோம். கூடவே ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசை அடிபட்டால்தான் அந்தப் புரதம் ரத்தத்தில் கசியும், அது ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகலாம், எனவே ஒரு தடவை பார்த்துவிட்டு விடக்கூடாது, இடைவெளி விட்டு இரண்டாம் தடவையும் பார்க்க வேண்டும். அன்றைக்கு அங்கே இதெல்லாம் செய்தார்களா, எந்தச் சூழலில் அனுப்பினார்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இன்றைக்குப் போகும்போது நீங்கள் கேளுங்கள்: 'ட்ரோபோனின் இரண்டு தடவை பார்த்தாயிற்றா? ஈசிஜி மறுபடி எடுப்பீர்களா?' கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வலி ஏன் வந்து வந்து போகிறது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ரத்தக் குழாயின் சுவரில் வருடக்கணக்கில் கொழுப்பு படிகிறது. மாரடைப்பு என்பது பெரும்பாலும் அந்தப் படிவு மெல்ல மெல்ல வளர்ந்து ஒரு நாள் குழாயை மூடிவிடுவதால் வருவதில்லை. படிவின் மேல்தோல் திடீரென்று கிழிகிறது, கிழிந்த இடத்தில் காயத்தில் உறைகிற மாதிரி ரத்தம் உறைகிறது, அந்தக் கட்டிதான் குழாயை மூடுகிறது. சில சமயம் கட்டி உருவாகிப் பாதி மூடி, உடம்பே அதைக் கொஞ்சம் கரைத்து, மறுபடி உருவாகி, மறுபடி கரைந்து என்று நாள்கணக்கில் இழுபறி நடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் 'வந்தது, போய்விட்டது, ஒன்றுமில்லை'. உள்ளே நடந்தது வேறு. போய்விட்டது என்பது ஒன்றுமில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. போன வருடம் டிரெட்மில் பரிசோதனை நன்றாக இருந்தது என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான்: மாரடைப்பை உண்டாக்குகிற பல படிவுகள் கிழிவதற்கு முந்தின நாள் வரை குழாயைப் பாதிகூட அடைத்திருக்காது, டிரெட்மில்லில் ஓடும்போது மாட்டவும் மாட்டாது.

அடுத்து, 'வலி' என்ற வார்த்தை. இந்த ஒரு வார்த்தையால் நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவசரப் பிரிவில் 'நெஞ்சு வலி இருக்கிறதா?' என்று கேட்டால், மாரடைப்போடு வந்திருக்கிற மனிதர் 'இல்லை' என்பார். பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை வலி என்றால் பல் வலி, வெட்டுக்காய வலி. இது அப்படி இல்லையே. 'வலி இல்லை டாக்டர், ஒரு மாதிரி இருக்கு' என்பார். அந்த 'ஒரு மாதிரி'யை நான் ரொம்ப மரியாதையோடு கேட்பேன். அமுக்குகிறது, பிசைகிறது, இறுக்கிக் கட்டின மாதிரி, கல்லைத் தூக்கி வைத்த மாதிரி, எரிகிற மாதிரி, அடைக்கிற மாதிரி என்று வெவ்வேறு வார்த்தையில் வரும். எங்கே என்று கேட்டால் ஒரு விரலால் தொட்டுக் காட்ட மாட்டார்கள், முஷ்டியை மடக்கி நடு நெஞ்சில் வைப்பார்கள், அல்லது உள்ளங்கையால் நெஞ்சு முழுக்கத் தடவுவார்கள். முஷ்டி மடக்குவதற்கு அதைக் கவனித்துச் சொன்ன சாமுவேல் லெவின் என்ற மருத்துவரின் பெயரையே வைத்திருக்கிறோம். இதோடு சில்லென்று வியர்த்துக் கொட்டினால், முகம் வெளிறினால், மூச்சு வாங்கினால், குமட்டினால், காரணம் சொல்லத் தெரியாத ஒரு பயம் வந்தால், அதுவும் சில நிமிடம் தாண்டி நீடித்தால், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. உங்கள் கணவர் வியர்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், எனக்கு அந்த வியர்வைதான் அன்றைய ஈசிஜியை விடப் பெரிய தகவல்.

இதற்கு எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படிக்கிற எல்லோரும் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஓரிரு விநாடி ஊசி குத்தின மாதிரி வந்து போவது, ஒரு விரல் நுனியில் காட்டக்கூடிய இடத்தில் இருப்பது, அழுத்தினால் வலிப்பது, மூச்சை இழுத்தால் மட்டும் சுருக்கென்று குத்துவது, இவை இதயமாக இருக்க வாய்ப்புக் குறைவு. குறைவு என்றேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. அழுத்தினால் வலித்தது என்பதற்காக நிம்மதியாகத் திரும்பிப் போய், பிறகு மாரடைப்போடு வந்தவர்களும் உண்டு.

உங்கள் கணவர் 'அசிங்கப்படச் சொல்கிறாயா' என்று கேட்டிருக்கிறார். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு இரவு டூட்டியில், விடியற்காலை மூன்று மணி இருக்கும், நடு நெஞ்சில் ஒரு இறுக்கம். இதய நோய்ப் பிரிவின் உள்ளேயே இருக்கிறேன், பத்தடி தூரத்தில் ஈசிஜி மெஷின். கூப்பிட்டால் நர்ஸ் வந்து இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார். நான் என்ன செய்தேன்? அறையில் உட்கார்ந்து காரணம் தேடினேன். தூக்கம் இல்லை, அதனால் இருக்கும். காலையில் ஒரு நோயாளியைத் தூக்கினேன், தசைப் பிடிப்பாக இருக்கும். இவர்களிடம் சொன்னால் நாளைக்கு வார்டு முழுக்கச் சிரிக்கும், டாக்டருக்கே பயம் என்பார்கள். இப்படியே 40 நிமிடம் போனது. அதே 40 நிமிடத்தை ஒரு நோயாளி வீணடித்திருந்தால் அவரைத் திட்டியிருப்பேன். கடைசியில் வெட்கத்தை விட்டுச் சொன்னேன், ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் இரண்டு தடவை பார்த்தார்கள், எல்லாம் நார்மல், வயிற்று அமிலம் மேலே ஏறியதுதான் காரணம். அடுத்த நாள் நான் பயந்த மாதிரியே சிரித்தார்கள். இரண்டு நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் வேறு விஷயம் கிடைத்துவிட்டது. உங்கள் கணவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் நிறையப் பேரை நாங்கள் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புகிறோம், எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. குளித்துவிட்டு, சவரம் செய்துவிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் தாமதமாக வருகிறவரைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கும். இது கற்பனை இல்லை, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்தபடி மறு கையால் சவரம் செய்துவிட்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

தாமதத்தை ஏன் இப்படிப் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், குழாய் முழுக்க அடைபட்டுவிட்டால் 20 முதல் 40 நிமிடத்துக்குள் இதயத் தசை சாகத் தொடங்கிவிடுகிறது, உட்பக்கத்தில் ஆரம்பித்து வெளிப்பக்கம் நோக்கி அடுத்த சில மணி நேரத்தில் பரவிக்கொண்டே போகிறது. செத்த தசை திரும்ப வளராது, அந்த இடத்தில் தழும்புதான் இருக்கும், தழும்பு சுருங்கி விரியாது. 1977ல் ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் என்பவர் விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயக் குழாய்க்குள் சின்ன பலூனைக் கொண்டுபோய் விரித்து அடைப்பைத் திறந்து காட்டினார். இன்றைக்கு அது அன்றாட வேலை, கூடவே குழாய் திறந்தே இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைக்கிறோம், உடனே அது முடியாத இடத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுகிறோம். மருத்துவமனைக்குள் வந்துவிட்டால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி, ஒன்றரை மணி நேரத்துக்குள் குழாயைத் திறப்பது என்று எங்களுக்கு நாங்களே கெடு வைத்துக்கொண்டு ஓடுகிறோம். ஆனால் வீட்டில் 'இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்' என்று போகிற நேரத்தை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கேதான் அதிக நேரம் போகிறது.

இன்னொன்று, சொந்தக் காரில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு. மாரடைப்பின் முதல் ஒரு மணி நேரத்தில் உயிர் போவது பெரும்பாலும் தசை செத்ததால் இல்லை, ரத்தம் கிடைக்காத தசை மின்சாரக் கோளாறு செய்து இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடுவதால். அதைச் சரிசெய்ய ஷாக் கொடுக்க வேண்டும். அந்த மெஷின் ஆம்புலன்ஸில் இருக்கும், உங்கள் காரின் பின்சீட்டில் இருக்காது. அவரே வண்டி ஓட்டிக்கொண்டு போவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை உட்கார வையுங்கள், நடக்கவிடாதீர்கள், மாடிப்படி இறங்க வைக்காதீர்கள், வாசல் கதவைத் திறந்து வையுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லை, வயிற்றுப் புண்ணில் ரத்தக் கசிவு மாதிரித் தொந்தரவு இல்லை, ரத்தம் உறையாமல் இருக்க வேறு மருந்து எடுக்கவில்லை என்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லலாம். மெல்லுவது முக்கியம், அப்போதுதான் சீக்கிரம் வேலை செய்யும். சந்தேகமாக இருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போதே அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதுகைக் கிழிக்கிற மாதிரி திடீரென்று உச்சத்தில் தொடங்கிய வலி என்றால் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம், அது பெரிய ரத்தக் குழாய் கிழிந்ததாகவும் இருக்கலாம். 1988ல் வெளியான ஐசிஸ்-2 என்ற ஆய்வில் 17,187 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள்: மாரடைப்பு என்று சந்தேகப்பட்டவுடன் ஆஸ்பிரினைத் தொடங்கி ஒரு மாதம் கொடுத்ததில், ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக் குழாய்க் காரணங்களால் இறப்பது சுமார் 23 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆஸ்பிரினைப் போட்டுவிட்டு 'குறைகிறதா பார்ப்போம்' என்று உட்காருவது எல்லாவற்றையும் விட மோசம். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, உங்கள் கணவருக்கென்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும்தான், பக்கத்து வீட்டுக்காரருடையது வேண்டாம். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனஃபில் மாதிரி மாத்திரை எடுக்கும் பழக்கம் இருந்தால், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் சேரும்போது பிரஷர் அபாயமாக இறங்கிவிடும், ஆண்கள் இதை மனைவி முன்னால் சொல்லத் தயங்குவார்கள், டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிட வேண்டும்.

'தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள்' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும், எனக்கே மாதம் ஒரு தடவை வருகிறது. ஆஞ்சியோகிராம் அறையில், மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க, துடிப்பு தடுமாறும் கணத்தில் நோயாளியை இருமச் சொல்வதுண்டு. அதை யாரோ எடுத்து வீட்டு வைத்தியம் ஆக்கிவிட்டார்கள். இருமினால் அடைப்பு திறக்காது. இருமுகிற நேரத்தில் போனை எடுங்கள். அவர் மயங்கி விழுந்து, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விட்டு விட்டுத் திணறுகிற மாதிரி மட்டும் இருக்கிறது என்றால், நடு நெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில், ஆள் வரும்வரை நிறுத்தாமல் அழுத்துங்கள். எலும்பு உடைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், உடைந்தால் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது கடைசி வரிக்கு வருவோம்.

'எனக்கும்தான் மாடி ஏறினால் தாடை இறுகி மூச்சு வாங்குகிறது, வயது 54, சர்க்கரை 11 வருடமாக இருக்கிறது, அது கிடக்கட்டும்.' அது கிடக்காது. ஹெபர்டன் கதையை மேலே சொன்னேனே, அதைத் திரும்பப் படியுங்கள், இந்தத் தடவை உங்கள் கணவரை எடுத்துவிட்டு உங்களை வைத்துப் படியுங்கள். ஏறினால் வருகிறது. நெஞ்சுக்குப் பதில் தாடையில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பெண்களுக்கும் நெஞ்சு பாரம்தான் அதிகம் வருகிறது, ஆனால் தாடை இறுக்கம், மேல் முதுகு வலி, மூச்சு வாங்குதல், குமட்டல், காரணமே இல்லாத அசதி என்று வேறு வாசல் வழியாக வருவது ஆண்களை விடப் பெண்களுக்குக் கூடுதல். சர்க்கரை வேறு சேர்ந்தால் இன்னும் சிக்கல், ஏனென்றால் பல வருடச் சர்க்கரை கால் நரம்புகளை மரத்துப்போக வைக்கிற மாதிரியே இதயத்திலிருந்து வலியைச் சொல்லும் நரம்புகளையும் மழுக்கிவிடும். பாரமே தெரியாமல் வெறும் மூச்சு வாங்குதலோடு மாரடைப்பு நடந்து முடிந்துவிடும். தாடை வலிக்காகப் பல் டாக்டரிடம் போய், பல்லில் கோளாறு இல்லை என்று அவர் அனுப்பி, அதன் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பல் டாக்டர்களுக்கு என் நன்றி.

அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 1948ல் தொடங்கி, ஊர்க்காரர்களை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வரச்சொல்லி ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். அங்கே நடந்த மாரடைப்புகளில் நாலில் ஒன்றுக்கும் மேல், வந்ததே யாருக்கும் தெரியாமல், அடுத்த ஈசிஜியில் தழும்பின் அடையாளம் தெரிந்த பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டன. பெண்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம். இப்படித் தெரியாமலே மாரடைப்பு வந்துபோனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. மீதிப் பேருக்கு ஏதோ இருந்திருக்கிறது, அதை இதயம் என்று அவர்களும் நினைக்கவில்லை, அவர்களைப் பார்த்த மருத்துவர்களும் நினைக்கவில்லை. எனக்கு எப்போதும் உறுத்துவது அந்த மீதிப் பேர்தான், அவர்களில் எத்தனை பேர் 'அது கிடக்கட்டும்' என்று சொல்லியிருப்பார்களோ.

கணவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கடிதம் எழுத நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்காக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. எனவே இன்றைக்கு இரண்டு பேரும் போங்கள், இரண்டு பேருக்கும் ஈசிஜி, ட்ரோபோனின், எக்கோ என்கிற இதய ஸ்கேன், தேவைப்பட்டால் அங்கேயே அடுத்த கட்டம். 'மாடி ஏறினால் தாடை இறுகுகிறது, சர்க்கரை 11 வருடமாக இருக்கிறது' என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், தனித்தனியாகச் சொன்னால் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். அவருடைய பழைய நார்மல் ஈசிஜித் தாளையும் எடுத்துப் போங்கள், அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், புதிய ஈசிஜியில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல துணை கிடையாது. அந்தத் தாள் நாளாக ஆக மங்கிவிடும், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சொல்லியும் அவர் வர மறுத்தால் அவரோடு வாதாட வேண்டாம். 'எனக்கு நெஞ்சு சரியில்லை, நீங்கள் கூட வாருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். வந்துவிடுவார். பொய் சொன்னோமே என்று உங்களுக்குக் கஷ்டமாகவும் இருக்காது, ஏனென்றால் அது பொய் இல்லை.